சத்தம் போடாத வீடு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு முற்பகலில், ஆம்பூரில் நடந்தது இது. வேலூர்க்காரியான எனக்கே அன்றைய வெயில் தாங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அதனால் பேர், தெரு எதுவும் சொல்லப்போவதில்லை.

அப்போது நான் ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையில் இருந்தேன். சின்ன வயதில் மனநல சிகிச்சைக்கு அழைத்து வரப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. படித்தார்களா, வேலைக்குப் போகிறார்களா, கல்யாணம் ஆனதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேள்விகள் போகும். கடைசிக்கு முன்னால் ஒன்று வரும். போலீஸ் கேஸ் ஏதாவது உண்டா, யாருக்காவது தீங்கு செய்தது உண்டா? இந்த விஷயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பதுதான் முக்கியம் என்று எங்கள் டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் போய்ப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். அரக்கோணத்தில் ஒருவர் செல்போன் கடை வைத்திருந்தார். திருப்பத்தூரில் ஒரு பெண் டெய்லரிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள், நானும் எல்லா வீட்டிலும் குடித்தேன். என் வீட்டுக்காரர் எனக்கு சி.பி.ஐ. என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது. வீட்டைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று அலட்டிக்கொள்வேன்.

எங்கள் வேலையில் யாரும் சொல்லிக்கொடுக்காத இரண்டு பழக்கங்கள் தானாக வந்து சேர்ந்திருந்தன. ஆண்களின் வீட்டுக்கு இரண்டு பேராகப் போவோம். பெண்களின் வீட்டுக்கு நான் ஒருத்தி மட்டும் போதும். பொம்பளைப் பிள்ளை என்ன செய்துவிடப் போகிறது?

இரண்டாவது பழக்கம் குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டில் வாங்கிய பாட்டால் வந்தது. மாமியார், நாத்தனார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, அந்த வீட்டு மருமகளிடம் போலீஸ் கேள்வியை ஒழுங்காகக் கேட்டுத் தொலைத்தேன். "குடும்பப் பொண்ணப் பாத்து கேக்குற கேள்வியாம்மா இது?" என்று மாமியார் எழுந்துவிட்டார். துடைப்பம் வரவில்லை, அவ்வளவுதான் மிச்சம். நான் கிளம்பிய பிறகு அந்த மருமகள் என்ன பேச்சு வாங்கினாளோ தெரியாது. அன்றிலிருந்து பெண்களிடம் அந்த இடம் வந்ததும், நானே கையில் இருக்கும் டேப்லெட்டில் 'இல்லை' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். குழுவில் மற்றவர்களும் இதையேதான் செய்தார்கள். மரியாதை தெரிந்தவர்கள் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அண்ணனும் தங்கையும் என் பங்குக்கு வந்தார்கள். இரண்டு பேரும் சின்ன வயதில் சிகிச்சைக்கு வந்தவர்கள். அப்பா குடித்துவிட்டு வீட்டில் சாமான்களைத் தூக்கி அடிப்பவர். அண்ணனைப் பற்றி அவர்கள் அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் நிறையச் சொல்லியிருந்தது பழைய குறிப்பில் இருந்தது. பள்ளிக்கூட ஜன்னலை உடைத்தான், பிள்ளைகளை அடித்தான், கடைசியாகப் பக்கத்து வீட்டுச் சேவலையே கொன்றுவிட்டான். அலகை நூலால் இறுக்கமாகச் சுற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருந்தானாம். தங்கையைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. யாரோடும் பேசுவதில்லை, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள். அவ்வளவுதான். அண்ணனைக் கூட்டி வரும்போது வீட்டில் விட ஆளில்லாமல் அவளையும் கூட்டி வந்த மாதிரி இருந்தது.

முதலில் அண்ணன் வீட்டுக்குப் போனோம். என்னோடு வந்த சக ஊழியர் ஐம்பது வயதுக்காரர். சேவல் கதையைக் கேட்டதிலிருந்து அவர் முகம் வெளுத்திருந்தது. வாசலில் செருப்பைக்கூட ஓடுவதற்குத் தோதாகத் திருப்பி விட்டார். உள்ளேயிருந்து வந்தவரோ இடுப்பில் ஒரு பெண் குழந்தையும் வாயில் அதற்கு ஊட்டிய பிஸ்கட்டில் பாதியுமாக வந்தார். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களை ஷிஃப்டுக்கு ஏற்றி இறக்கும் ஆட்டோ ஓட்டுகிறாராம். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

போலீஸ் கேள்வியை அவரிடம் தயங்காமல் கேட்டேன். அவரும் தயங்காமல் பதில் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் ஒரு சண்டை, ஸ்டேஷனில் ஒரு ராத்திரி.

"அதோட போச்சுன்னு நெனச்சீங்களா மேடம்? சின்ன வயசுல மனசு சரியில்லன்னு ஆஸ்பத்திரிக்குப் போனவன்னு ஊருக்கே தெரியும். இந்த ஏரியால ஒரு பூட்டு ஒடஞ்சா மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க."

சேவலைப் பற்றிக் கேட்டதும் குழந்தையின் வாயைத் துடைக்க ஆரம்பித்தார். "அப்டித்தான் சொன்னாங்க" என்றார். 

கிளம்பும்போது வாசல்வரை வந்து, "தங்கச்சியையும் பாப்பீங்களா? அதுகிட்டயும் இந்த போலீஸ் கேள்வி கேப்பீங்களா?" என்றார்.

நான் சிரித்தேன். "பொம்பளப் பிள்ளகிட்ட அதெல்லாம் எதுக்குப்பா?"

அவர் சிரிக்கவில்லை. குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "கேளுங்க மேடம்" என்றார். தன்னை மட்டும் கேட்டுவிட்டார்களே என்ற ரோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்திலேயே தங்கை வீட்டுக்குத் தனியாகப் போனேன். தோல் பதனிடும் ஷாப் வாடை மூக்கில் ஏறும் தெரு. ஒரு பக்கம் வெல்டிங் பட்டறை, இன்னொரு பக்கம் கோழிக்கடை, நடுவில் ஹாரனை விடாமல் அழுத்தும் ஆட்டோக்கள். வழி கேட்டதற்கு எதிர்வீட்டு பீபியம்மா தானாகவே நற்சான்று கொடுத்தார்.

"அந்தப் பொண்ணா? தங்கம்மா அது. மாமியாக்காரி ஸ்ட்ரோக் வந்து படுத்த படுக்கை. வாய் பேச வராது, கத்தும், கைய செவுத்துல அடிக்கும். முன்னெல்லாம் தெருவே பேஜாராப் போயிடும். இப்ப கொஞ்ச நாளா சத்தமே இல்ல. அவ்ளோ நல்லாப் பாத்துக்குது."

கதவைத் தட்டினேன். தட்டின சத்தம் வரவில்லை. விரல் மெத்தென்று எதிலோ பட்டது. பார்த்தால், தட்டும் இடத்தில் சதுரமாக ஒரு தோல் துண்டு ஒட்டியிருந்தது. வெயிலுக்காக இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கதவுக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை.

அவளே திறந்தாள். முப்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பின் குத்திய சேலை. "வாங்க மேடம்" என்றது காற்று பேசுகிற மாதிரி இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டாள், அதுவும் சத்தம் போடவில்லை. நான்கு கால்களுக்கும் அடியில் தோல்.

கல்யாணத்துக்கு முன்பிலிருந்தே ஷூ கம்பெனியில் இருந்தவளாம். மாமியார் படுத்த பிறகு வேலையை விட்டுவிட்டு, ஷூவின் மேல்பாகத்தை வீட்டுக்கு வாங்கி வந்து கையால் தைத்துக் கொடுக்கிறாள். அந்தப் பக்கம் பல வீடுகளில் பெண்கள் செய்யும் வேலைதான். மூலையில் கறுப்புத் தோல் அடுக்கும் மெழுகு நூலும் இருந்தன. வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு வீட்டை எவ்வளவு நேர்த்தியாக வைத்திருக்கிறாள் என்று மனசுக்குள் மெச்சினேன். டம்ளர் வைக்கும் இடத்தில் வட்டமாக ஒரு தோல், அலமாரிக் கதவின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு பட்டை. முற்றத்துக் குழாயின் வாயில் ஒரு துணி கட்டி வாளி வரைக்கும் தொங்கவிட்டிருந்தாள். தண்ணீர் சொட்டாமல் துணி வழியாக வழுக்கிக்கொண்டு இறங்கியது.

கெட்டிக்காரி என்று மார்க் போட்டேன். வீட்டைப் பார்த்தே ஆளைச் சொல்பவள் அல்லவா நான்.

கேள்விகளை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் என் செல்போன் அடித்தது. என் ரிங்டோன் கொஞ்சம் கல்யாண மண்டப ரகம். அவள் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. இரண்டு கையும் காதுக்குப் போய் பாதியில் நின்று மடியில் இறங்கின. "அத சைலண்ட்ல போட்டுர்றீங்களா மேடம்?" என்றாள். போட்டேன். அதன் பிறகு அந்த வீட்டில் என் குரலைத் தவிர வேறு சத்தமே இல்லை. அப்போதுதான் கவனித்தேன். சுவர்க் கடிகாரம் நின்றிருந்தது. காலண்டர் காற்றில் படபடக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கிளிப் போட்டிருந்தது. அடுப்பு மேடையில் குக்கர் கிடையாது. அந்த வெயிலிலும் மின்விசிறி ஓடவில்லை. வெளியே தெருவே அலறிக்கொண்டிருக்க, உள்ளே தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. வேர்வை முதுகில் இறங்கியதோடு லேசாகக் குளிரவும் செய்தது.

டீ கொண்டு வந்தாள். குடித்துக்கொண்டே கேட்டேன். எல்லாவற்றுக்கும் தயங்காமல், தேவையானதை மட்டும் சொன்னாள். கணவர் ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை, காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். குழந்தை இல்லை. மாமியார் உள்ளறையில் தூங்குகிறார். போலீஸ் கேள்வி வந்தது. வழக்கம்போல 'இல்லை' என்பதைத் தொட்டுவிட்டுக் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். அதற்கும் பதில் சொன்னாள். டேப்லெட்டை மூடினேன்.

"அவ்ளோதானா மேடம்?"

"அவ்ளோதாம்மா. ரொம்ப தேங்க்ஸ்."

"ஒண்ணு விட்டுட்டீங்க."

புரியாமல் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த தோலில் ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தாள். "அண்ணன்கிட்ட கேட்டீங்களே. போலீஸ் கேள்வி. அது எனக்கு இல்லயா?"

"ஒன்னப் போயி அதெல்லாம் கேப்பனாம்மா?" என்று சிரித்தேன். என் சிரிப்பு அந்த அறையில் ரொம்பப் பெரிதாகக் கேட்டது.

"கேளுங்க" என்றாள். அண்ணன் சொன்ன அதே வார்த்தை, அதே தொனி. "அண்ணன் வந்து சொல்லிட்டுப் போச்சு, இப்டி ஒரு கேள்வி இருக்குதுன்னு. காலைலருந்து அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். நானா சொல்ல வாய் வரல. யாராச்சும் கேட்டா சொல்லிடலாம்."

 எத்தனையோ ஆண்களிடம் சர்வசாதாரணமாகக் கேட்ட கேள்வி அது. அன்றைக்கு முதல் தடவையாக அதைக் கேட்கப் பயந்தேன். இருந்தும் கேட்டேன். போலீஸ் கேஸ் உண்டா, யாருக்காவது தீங்கு செய்ததுண்டா?

"போலீஸ் வந்ததில்ல. யாரும் கேட்டதில்ல." ஊசியைக் கீழே வைத்தாள். "அந்தச் சேவல் இருக்குதே, அது அண்ணன் இல்ல. நான்தான். விடியறதுக்கு முன்னாடியே கூவும். அது கூவினா அப்பா எழுந்துக்குவாரு."

 என்னையறியாமல் என் கண் வாசல் பக்கம் போனது. நான் உள்ளே வர அவள் திறந்துவிட்ட கதவு இப்போது மூடியிருந்தது. எப்போது மூடினாள் என்றே தெரியவில்லை. தாழ்ப்பாளில் தோல் சுற்றியிருந்தது. அங்கிருந்து என் பார்வை கையிலிருந்த டம்ளருக்கு வந்தது. பாதி குடித்திருந்தேன்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அதுல ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள் மெதுவாக. "நீங்க சத்தமே போடலயே."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அது இன்றைக்கும் எனக்குச் சத்தியமாகத் தெரியும். ஆனாலும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எழுந்து ஓடிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. செருப்பைத் திருப்பி விட்டு வந்த சக ஊழியரை நினைத்துக்கொண்டேன். மனுஷன் புத்திசாலி.

ஓடாததற்குக் காரணம் என் தைரியம் இல்லை. எதிர்வீட்டு பீபியம்மா சொன்னது திடீரென்று ஞாபகத்துக்கு வந்ததுதான். கொஞ்ச நாளாச் சத்தமே இல்ல.

"ஒன் மாமியா எங்கம்மா?"

உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு வயதான அம்மா படுத்திருந்தார். வெள்ளை வெளேர் என்று துவைத்த படுக்கை விரிப்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நெற்றியில் விபூதி. படுக்கைப்புண் வாடையோ மூத்திர வாடையோ துளிக்கூட இல்லை. அவ்வளவு சுத்தமாக நோயாளியை வைத்திருக்கும் வீட்டை நான் பார்த்ததில்லை. பிறகு அவர் கையைப் பார்த்தேன். கண்ணாடி வளையல்கள். ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, அத்தனையையும் சேர்த்து மெல்லிய கறுப்புத் தோலால் சுற்றித் தைத்திருந்தாள். ஷூவில் போடும் அதே தையல், இழை பிசகாமல். சுவரில் மோதி மோதிச் சத்தம் போடும் அந்தக் கைக்கு ஓர் உறை தைத்து மாட்டியது போல.

சேவலின் அலகில் சுற்றிய நூல் என் கண் முன்னால் வந்தது.

அந்த அம்மாவின் மூச்சு மேலோட்டமாக, இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது.

"காலைலருந்து எழுந்துக்கவே இல்ல" என்றாள் அவள். "தூங்கறதுக்கு டாக்டர் மாத்திரை குடுத்திருந்தாரு. கத்தறப்பல்லாம் குடுப்பேன். நேத்து குடுத்தும் நிக்கல. மறுபடி குடுத்தேன். எவ்ளோன்னு எண்ணல. காலைல வீட்டுக்காரரு அம்மா தூங்குதுன்னு பாத்துட்டுப் போய்ட்டாரு."

"ஏம்மா இப்டிப் பண்ண?"

"அவங்க கத்தறப்ப எங்கப்பா பாத்திரத்தத் தூக்கி அடிச்சிட்டே வருவாரே, அந்தச் சத்தம் கேக்குது மேடம். அவங்க சாவணும்னு இல்ல. அந்தச் சத்தம் நிக்கணும், அவ்ளோதான்." படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "நின்னதும் எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அதான் பயமா இருக்குது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நான் யோசிக்கவில்லை. 108-க்குப் போன் செய்தேன். வண்டி வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். உடனே அவள் அண்ணனுக்குப் போட்டேன். "உங்க தங்கச்சி மாமியாருக்கு சீரியஸா இருக்குது" என்றதும் மறுபேச்சு இல்லை, "வர்றேன்" என்று வைத்துவிட்டார். கதவையும் ஜன்னலையும் முழுசாகத் திறந்துவிட்டேன். தெருவின் சத்தம் அத்தனையும் உள்ளே வந்து கொட்டியது. அந்த அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கி "அம்மா, அம்மா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அவள் சுவரோரமாகக் குறுகிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் உள்ளே வந்தார். மாமியாரின் கையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.  எல்லாம் தெரிந்த மாதிரி, ரொம்ப வருஷமாகத் தெரிந்த மாதிரி இருந்தது அந்த முகம். குனிந்து அந்த அம்மாவைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். தங்கை பின்னாலேயே வந்தாள். மாத்திரை அட்டையை அவளே எடுத்துக்கொண்டாள், கூடவே தோல் வெட்டும் கத்தியையும். கத்தியைப் பார்த்ததும் அவளை எனக்கு முன்னால் நடக்க விட்டேன்.

ஆட்டோவில் மாமியார் தலை என் மடியில், கால் அவள் மடியில். அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவள் முகம் ஒவ்வொரு ஹாரனுக்கும் சுருங்கியது. ஆனால் காதைப் பொத்தவில்லை. மாமியாரின் கையை எடுத்து மடியில் வைத்து, தான் போட்ட தையலை அந்தக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு வந்தாள். கடைசித் தையல் அறுந்ததும் தோல் உரிந்து விழுந்தது. அடுத்த பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது வளையல்கள் கலகலவென்று மோதிக்கொண்டன. அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. இருந்தாலும் அந்தக் கையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். எந்த மாத்திரை என்று அவளே அட்டையைக் காட்டிச் சொன்னாள். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நான் 'இல்லை' என்பதைத் தொட்டு, டீக்கு நன்றி சொல்லிக் கிளம்பியிருந்தால், இந்நேரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்திருப்பேன்.

விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். அங்கே நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். அவர் என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. நேராக ஆட்டோக்காரரிடம் போனார்.

"இன்னாடா பண்ண?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு அந்தச் சேவல் கதை முழுசாக விளங்கியது. சின்னப் பிள்ளையாக அன்றைக்கும் இவர் இப்படித்தான் நின்றிருப்பார். அவள் இப்படித்தான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சார்" என்றாள் அவள். அன்றைக்கு முழுவதும் அவள் உரக்கப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். காரிடாரில் போன நர்ஸ்கூடத் திரும்பிப் பார்த்தார். "அண்ணன் இல்ல சார். நான். மாத்திரை குடுத்தது நான்தான்."

போலீஸ்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பின் குத்திய சேலை, குனிந்த தலை, கையில் மாமியாரின் துண்டு. "நீ போயி உக்காரும்மா. மாமியாவுக்கு இப்டி ஆனதுல அரண்டு போயிருக்க" என்று சொல்லிவிட்டு மறுபடி அண்ணன் பக்கம் திரும்பினார்.

எனக்கு அந்த வீட்டின் அமைதியை விட இதுதான் அதிக பயமாக இருந்தது. ஒருத்தி தன் வாயால் சொல்கிறாள், கேட்க ஆளில்லை. அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி? காலையில் நான் செய்ததும் அதேதான். "சார், அவங்க சொல்றதக் கேளுங்க" என்று குறுக்கே போய் நின்றேன். டாக்டரையும் கூப்பிட்டேன். அடித்துப் பிடித்து வந்த கணவர், "எம் பொண்டாட்டி அப்டிச் செய்யறவ இல்ல" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அவளைப் பற்றி நல்லதைத் தவிர யாரும் எதையும் சொல்லத் தயாராக இல்லை. பீபியம்மாவுக்கு யாரோ போன் போட்டுக் கேட்டதற்கு, அவரும் தங்கம் என்றுதான் சொன்னாராம். அத்தனை பேரையும் தாண்டி, அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிறகு நடந்த விசாரணையைப் பற்றி நான் எழுதுவது சரியில்லை. மாமியார் பிழைத்துக்கொண்டார். இப்போது திருப்பத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார், பழையபடி கத்துகிறாராம். அவளுக்குச் சிகிச்சை நடக்கிறது. இந்தத் தடவை அண்ணனோடு ஒட்டிக்கொண்டு போகவில்லை, அவளுக்கென்றே போகிறாள். அண்ணன்தான் ஆட்டோவில் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார். எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்லி, நாங்களாகவே 'இல்லை' என்று தொட்ட அத்தனை பெண்களையும் திரும்பப் போய்ப் பார்த்தோம். சில வீடுகளில் திட்டு வாங்கினேன். சில வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பிறகு ரொம்ப நேரம் மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனத்தில் எழுந்து வரக்கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும்.

சென்ற வருடம் அவள் சிகிச்சைக்கு வந்திருந்த இடத்தில் அவளைப் பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கையில் நான்கைந்து கண்ணாடி வளையல், ஒவ்வொரு அசைவுக்கும் அவளே லேசாகத் திடுக்கிட்டுக்கொண்டிருந்தாள். பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களாம்.

"இப்ப எல்லார்கிட்டயும் அதக் கேக்கறீங்களா மேடம்?" என்றாள்.

"கேக்கறேம்மா."

தலையை ஆட்டினாள். வளையல் குலுங்கியது. இந்த முறை அவள் திடுக்கிடவில்லை.

கேட்காமல் விடுவதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தியை அவள் பயத்தோடு தனியாக உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருவதுதான் அது என்று அந்த வீடு எனக்குக் காட்டியது. இன்றைக்கும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் காதுதான் முதலில் வேலை செய்கிறது, எங்கேயாவது ஒரு குழாய் சொட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் டீ டம்ளரைக் கையில் வாங்குகிறேன்.